முதுகில் தட்டிய விரல்

தலையில் அடிபட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். வாந்தி வரும், மயக்கம் வரும். வரவில்லையா, ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் சூசை வாலிபத்தில் காசுக்கு பாக்ஸிங் ஆடியவர். அடியைப் பற்றி எங்கள் வீட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று ஒரு மிதப்பு. அந்த மிதப்பில் அவரையே தொலைக்கப் பார்த்தோம்.

"இதெல்லாம் எழுதி வையும்மா, வயசானவங்க இருக்கிற வூட்டுக்கு உதவும்" என்று என் மகள் ரெஜினா சொன்னாள். நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

திருவொற்றியூரில் சொந்தக்காரர் வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டு ஷேர் ஆட்டோவில் ராயபுரம் திரும்பிக்கொண்டிருந்தோம். லாரிகள் போய்ப் போய்க் குழியான ரோடு. வண்டி ஒரு தூக்குத் தூக்கிப் போட்டதில் அவர் தலை மேல் கம்பியில் டொக்கென்று இடித்தது.

"பெருசு, இன்னா ஆச்சு?" என்று டிரைவர் திரும்பினார்.

"ஒண்ணும் ஆவல, நீ ஓட்டு. உன் கம்பி வளைஞ்சிகீதா பாரு."

வண்டியில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் வீக்கம்கூட இல்லை.

ஒரு மாசம் போல ஒன்றுமே இல்லை. அப்புறம் தலைவலி வந்தது. பிறகு தூக்கம். சோற்றில் கை வைத்தபடியே தூங்கிவிடுவார். இடது கால் செருப்பு தெருவில் கழன்று கிடக்கும், இவர் அது தெரியாமல் வீடு வந்து சேர்ந்திருப்பார். எதிர் வீட்டு அம்மா செருப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இன்னா பிலோமினா, உன் ஊட்டுக்காரரு புதுசா குடிக்கக் கத்துகினாரா?" என்று கேட்டாள். கேலிதான். எனக்குச் சிரிக்க வரவில்லை.

எனக்கு மனசில் தைத்தது அவருடைய கை. அதைச் சொல்ல வேண்டுமானால் அவருடைய ஆட்டத்தைச் சொல்ல வேண்டும்.

கல்யாணம் ஆனபோது பகலில் ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் பயிற்சி. மெடலுக்கு ஆடுகிறவர்கள் வேறு, இவர் வேறு. டிக்கெட் போட்டு, சுவரில் நோட்டீஸ் ஒட்டி, ஜெயித்தவனுக்கு இவ்வளவு, தோற்றவனுக்கு இவ்வளவு என்று பேசி வைத்து நடக்கிற ஆட்டம் இவருடையது. மீன் மார்க்கெட் சுவரில் மேல் சட்டை இல்லாமல் இவர் படம் ஒட்டியிருக்கும். நான் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வேகமாகத் தாண்டிப் போவேன்.

ஒரு ஆட்டத்துக்கும் நான் போனதில்லை. கூட்டம் என்றாலே எனக்கு உதறல். இவர் முகத்தில் இன்னொருத்தன் குத்துவதைப் பார்க்கவும் தெம்பில்லை. வீட்டில் வெந்நீர் போட்டு, உப்பு கலந்து, அலுமினியக் குண்டானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வந்ததும் இரண்டு கையையும் அதில் விடுவார். ஜெயித்தாரா தோற்றாரா என்று நான் கேட்கமாட்டேன், கையைப் பார்ப்பேன். எந்த முட்டி எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதை வைத்து ஆட்டம் சீக்கிரம் முடிந்ததா, இழுத்ததா என்று எனக்கே தெரிந்துவிடும்.

இடது கைதான் எங்களுக்குச் சோறு போட்ட கை. எதிராளி மூஞ்சிக்கு நேராக அதை நீட்டி நீட்டி எடுப்பாராம். அவன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வலது கை வேலையை முடிக்குமாம். வேலை இல்லாத நேரத்தில் இடது கை தாடைக்குக் காவல். ஆட்டத்தை விட்டு எத்தனையோ வருஷம் ஆன பிறகும், டிவி பார்க்கும்போது, சீட்டாடும்போது, பாதிரியார் பிரசங்கம் வைக்கும்போதுகூட அந்தக் கை தாடைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அந்தக் கை இப்போது மடியில் கிடந்தது. நானே எடுத்துத் தாடையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வழுக்கிக்கொண்டு மறுபடி மடிக்கே வந்துவிட்டது.

என் தம்பி தாஸிடம் சொன்னேன். தாஸ்தான் இவர் ஆடின ஆட்டம் எல்லாவற்றிலும் ரிங் மூலையில் நின்றவன். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் ஸ்டூல் போட்டு உட்காரவைப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது, முகம் துடைப்பது, காதில் யோசனை சொல்வது எல்லாம் அவன் வேலை. சொந்த அண்ணன்மேல்கூட ஒருத்தனுக்கு அவ்வளவு பாசம் இருக்காது. உடனே அவரை ஒரு சின்ன கிளினிக்குக் கூட்டிப்போனான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சிரித்துக்கொண்டே வந்தான்.

"டாக்டரு கேட்டதுக்கெல்லாம் மாமா டாண் டாண்ணு பதில் சொல்லிட்டாரு அக்கா. வயசாவுது, தலசுத்தலு, அவ்ளோதான். மாத்திர குடுத்துகிறாரு."

நம்பினேன். மாத்திரையும் கொடுத்தேன். மாத்திரை தின்னத் தின்னத் தூக்கம்தான் கூடியது. ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தான் போடத் தெரியாமல் நின்றார். நான் போட்டுவிடப் போனால் என்னைப் பார்த்து, "தெரேசா, நாஸ்டா துன்னியா?" என்றார். தெரேசா அவர் தங்கச்சி. அவள் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

ரெஜினா வண்ணாரப்பேட்டையில் துணிக்கடையில் கணக்கு பார்க்கிறாள். லீவு சொல்லிவிட்டு ஓடிவந்தாள். "நைனாவ பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்னு போலாம், கெளம்பு" என்றாள். தாஸும் வந்தான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காத்திருப்பது என்பது ஒரு தனி வேலை. சீட்டு வாங்கும் வரிசையில் ரெஜினா நின்றாள். இவரை ஒரு பெஞ்சில் எனக்கும் தாஸுக்கும் நடுவில் சாய்த்து வைத்திருந்தோம். பக்கத்தில் இருந்த அம்மா ஒரு கொய்யாப்பழத்தை இரண்டாகக் கிள்ளி எனக்குப் பாதி கொடுத்தார். யாரென்றே தெரியாது. அன்றைக்கு அதுதான் எனக்குச் சாப்பாடு.

உள்ளே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா இருந்தார். அவருக்கே ஜலதோஷம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தார். இவரை ஸ்டூலில் உட்காரவைத்தோம். தாஸ் பழக்கம்போல இவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான். நான் தாஸுக்கும் பின்னால், கதவோரமாக ஒதுங்கி நின்றேன்.

"தாத்தா, இது எத்தனை விரல்?"

இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "மூணு" என்றார். சரிதான்.

"இப்போ?"

"ரெண்டு." அதுவும் சரி.

"உங்களுக்கு எத்தனை பசங்க?"

"ஒண்ணு."

டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். பின்னால் நின்றிருந்த எனக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. தாஸ் துண்டால் இவர் முதுகைத் துடைப்பதுபோலக் கை வைத்திருந்தான். துண்டுக்கு அடியில் அவன் விரல் அசைந்தது. டாக்டரம்மா மூன்று விரல் காட்டியபோது மூன்று தட்டு. இரண்டு காட்டியபோது இரண்டு தட்டு. பிள்ளை எத்தனை என்று கேட்டதற்கு ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் அப்புறம்தான் இவர் வாயில் பதில் வந்தது.

வரிசையில் இன்னும் ஆட்கள் நின்றார்கள். நர்ஸ் இருந்தார், படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லார் முன்னாலும் என் குரல் எனக்கே கேட்டது.

"டாக்டரம்மா, என் தம்பிய வெளிய நிக்கச் சொல்லிட்டு மறுபடி கேளுங்கம்மா."

"அக்கா!" என்றான் தாஸ்.

"வெளிய போடா."

அவனை நான் 'டா' போட்டுக் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். இரண்டு விரல் காட்டினார். இவர் பேசவில்லை. முதுகை லேசாகப் பின்னால் தள்ளினார், தட்டலுக்காக. அங்கே ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தார்.

"தாசு? எங்கடா போன?"

கூட்டத்தில் தாயைத் தொலைத்த பிள்ளையின் குரல் அது.

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "தாத்தா, கண்ணை மூடுங்க. ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க, உள்ளங்கை மேல பாக்கட்டும். நான் பத்து எண்ணுவேன். கையை எறக்கக் கூடாது." எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு சொல்வதற்குள் இடது கை திரும்பிக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கிவிட்டது. கை இறங்கியதே அவருக்குத் தெரியவில்லை.

தாஸை உள்ளே கூப்பிட்டுக் கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஆட்டத்துல டாக்டரு ரிங்குல ஏறி வெரல காட்டுவாரும்மா. தப்பா சொன்னா ஆட்டத்த நிறுத்திடுவாரு. ஒரு தபா மாமா ஜெயிச்சிகினு இருந்த ஆட்டம். கண்ணு வீங்கிகினு வெரலு தெர்ல. நிறுத்திட்டாங்க. அதுக்கப்பறம் நானும் மாமாவும் இத பேசி வச்சிகினோம். டாக்டரு வெரல காட்டுனா நான் முதுவுல தட்டுவேன். இங்கயும் கை தானா போயிடுச்சி. மாமாவ நிறுத்திடுவாங்களேன்னு..."

"முன்னால காட்டின கிளினிக்லயும் தட்டினீங்களா?" என்று பழைய சீட்டைப் பார்த்துக்கொண்டே டாக்டரம்மா கேட்டார்.

துண்டை முறுக்கிக்கொண்டே ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"ரிங்குல டாக்டர்கிட்ட தப்பா சொன்னா ஆட்டம் முடிஞ்சிரும். இங்க தப்பா சொன்னாத்தான் எங்க வேலையே ஆரம்பிக்கும்" என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. அதற்குள் ஸ்கேனுக்கு எழுதிவிட்டார்.

ஸ்கேன் படத்தைக் காட்டி அவர் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வயசானால் மூளை கொஞ்சம் சுருங்கும். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் இடம் விழும். அந்த இடத்தில் ஓடுகிற சின்ன ரத்தக்குழாய்கள் இழுத்துக் கட்டின நூல் மாதிரி நிற்கும். லேசாக இடித்தாலும் ஒன்று அறுந்து, சொட்டுச் சொட்டாக ரத்தம் கசியும். அது சேர்ந்து மூளையை அமுக்க வாரங்கள் ஆகும். நெஞ்சுக்காக இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த, ரத்தத்தை இளக வைக்கிற மாத்திரையும் கசிவைக் கூட்டியிருக்கும். வலது பக்கம் ரத்தம் கட்டியிருந்ததால் இடது கையும் காலும் சோர்ந்துபோயின. மண்டையில் இரண்டு துளை போட்டு அதை வடிக்க வேண்டும்.

"அந்தக் காலத்துல வாங்கின குத்துனால வந்ததாம்மா?" என்று கேட்டேன்.

"அதுனாலதான்னு சொல்ல முடியாதும்மா. ஷேர் ஆட்டோ கம்பியே போதும். ஆனா அத்தனை வருஷக் குத்து மூளைக்கு நல்லதும் பண்ணியிருக்காது."

"பொழைச்சிடுவாரா?"

"பெரும்பாலும் நல்லா வந்துருவாங்க. ஆனா தலை, வயசு. பயம் இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா எழுப்ப முடியாத தூக்கமா போயிருக்கும்."

கையெழுத்துப் போடும்போது பேனா ஓடவில்லை. ரெஜினா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்கு அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு வராந்தாவில் தாஸைத் தேடினேன். சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தான். பக்கத்தில் தண்ணீர் பாட்டில், ஒரு பிளாஸ்டிக் வாளி, தோளில் துண்டு. ரிங்குக்குப் பக்கத்தில் எப்படி உட்கார்ந்திருப்பானோ அப்படி. வாளி எதற்கென்று அவனுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். துப்புரவு செய்கிற அம்மா, "இன்னாய்யா, வழியில கட போட்டுகினு" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, மூலையில நிக்கிறவன் துண்ட தூக்கி உள்ள வுட்டா ஆட்டம் க்ளோஸு. எங்காளு தோத்துட்டாருன்னு ஒத்துகினதா அர்த்தம். மாமா ஆட்டத்துல நான் ஒரு தபாகூட துண்டு வுட்டதில்ல."

"தெரியும்டா."

"நீ வுட்டுட்ட."

எனக்குச் சுருக்கென்றது. அவன் என்னைக் குத்திக்காட்டுகிறான் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அழுகிறான்.

"நான் ஒரு தபா வுட்டிருக்கணும் அக்கா. அந்தக் கடைசி ஆட்டத்துல. டாக்டரு ரெண்டு வெரல காட்டுறாரு, மாமாவுக்கு டாக்டரே தெர்ல. நான் தட்டுனேன். மாமா ரெண்டுன்னு சொன்னாரு. இன்னும் நாலு ரவுண்டு அடி வாங்க வச்சேன்."

கடைசி ஆட்டத்து அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு வீட்டில் நடந்தது எனக்குத் தெரியும். இரண்டு கையையும் குண்டானில் விட்டுவிட்டு, "தண்ணி சுடுதாம்மே?" என்று என்னைக் கேட்டார். ஆவி பறந்துகொண்டிருந்தது. என்னால் விரல் வைக்க முடியவில்லை. அவருக்குச் சூடே தெரியவில்லை. கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அதற்கப்புறம் அவர் ஆடவில்லை, ஏன் என்று நானும் கேட்கவில்லை.

இதைத் தாஸிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. அவன் தோளில் இருந்த துண்டை எடுத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டேன். அவன் எத்தனையோ முறை என் வீட்டுக்காரருக்குத் துடைத்துவிட்டது போல.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெளியே வந்த ரத்தம் பழைய இன்ஜின் ஆயில் மாதிரி கறுப்பாக இருந்ததாம். தலையில் கட்டு, கட்டுக்குள்ளிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் ஒரு பை. மிச்சம் இருப்பது அதில் வடியும். தலையணை வைக்கக் கூடாது, தட்டையாகப் படுக்க வேண்டும். கண் விழித்து என்னை அடையாளம் கண்டுகொள்வாரா என்பதுதான் என் பயம். மறுபடி தெரேசா என்று கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கண் திறந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா பிலோ, துன்னியா இல்லியா? எங்க அந்தக் கம்னாட்டி தாசு?"

அந்தக் கம்னாட்டி கட்டிலுக்கு அடியில் செருப்பு தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு விசும்பிக்கொண்டிருந்தான்.

அப்புறம் வந்த நாட்கள் நல்ல நாட்கள் என்றுதான் சொல்வேன். ஆஸ்பத்திரியில் செலவு பெரிதாக இல்லை. ரெஜினா கடைக்குப் போகிற வழியில் கஞ்சி கொண்டுவந்தாள். எதிர் வீட்டு அம்மா காரல் மீன் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பினாள். குடிச்சவரா என்று கேலி செய்ததற்குத் தண்டனையாம். பக்கத்துக் கட்டிலில் எண்ணூர்க்காரர் ஒருத்தர், பைக்கிலிருந்து விழுந்து தலையில் தையல் போட்டவர். இவருடைய மொட்டைத் தலையைப் பார்த்து, "பெருசு, வேளாங்கண்ணிக்குப் போகாமலே முடி குடுத்துட்ட" என்றார். தாஸ் பாக்ஸிங் கதையை எடுத்துவிட்டதும் வார்டே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

"எத்தினி தபா கீழ வுழுந்துகீற பெருசு?" என்றார் எண்ணூர்க்காரர்.

"நானா? வுழுந்ததே இல்ல."

"மூணு தபா" என்றான் தாஸ்.

"ரெண்டு! ஒண்ணு தண்ணி சிந்திகினு வழுக்குச்சி. தண்ணிய சிந்துனவன் யாரு? நீ."

நர்ஸ் வந்து சத்தம் போடுகிற வரைக்கும் இது நடக்கும்.

குழாயை எடுத்த பிறகு ஒரு நாள் வெந்நீர் வாங்கிவந்து அவர் உடம்பைத் துடைத்துவிட்டேன். இடது கையை எடுத்துக் குவளைக்குள் விட்டேன். ஒன்றும் சொல்லாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்ஸ்! சுடுதும்மே! தோல உரிக்கப் போறியா?"

அந்தத் திட்டுக்கு நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து மறுபடி காட்டப் போனோம். அதே டாக்டரம்மா, ஜலதோஷம் போயிருந்தது. இவரை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டுத் தாஸைப் பார்த்தார். தாஸ் தானாகவே எதிர்ச் சுவர் வரைக்கும் போய், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றான். போலீஸ் பிடித்த ஆள் மாதிரி. படிக்கிற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் இந்த முறை கதவோரம் நிற்கவில்லை. இவருக்கு முன்னால், முகம் தெரிகிற மாதிரி நின்றேன்.

விரல் காட்டினார். சரியாகச் சொன்னார். மாறி மாறிக் காட்டினார். "இது நாலு, இது ஒண்ணு, இது கட்டவெரலு, அத வெரலு கணக்குல சேக்கறதா வேணாமா?" என்று திருப்பிக் கேட்டார்.

"கண்ணை மூடுங்க தாத்தா. கையை நீட்டுங்க. எண்ணப் போறேன்."

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு சொன்னபோது எனக்கு மூச்சு நின்றது. கை நின்றது. ஐந்து. சுவரோரம் தாஸ் சத்தம் வராமல் கூடவே வாயசைத்துக்கொண்டிருந்தான். ஏழு. எட்டு. இடது கை, அந்தப் பழைய முட்டிகளோடு, வலது கைக்குச் சரியாக, மட்டமாக நின்றது. ஒன்பது. பத்து.

"போதும் தாத்தா, எறக்குங்க."

அவர் இறக்கவில்லை. கண்ணை மூடியபடியே, "பெல்லு அடிக்கல" என்றார்.

தாஸ் ஓடிப்போய் மேஜைமேல் இருந்த எவர்சில்வர் தட்டில் பேனாவால் டிங்கென்று தட்டினான். அப்புறம்தான் கை இறங்கியது. இறங்கின கை மடிக்குப் போகவில்லை. மடங்கிக்கொண்டு தாடைக்குப் பக்கத்தில் போய் நின்றது.

அவர் ஆடினதில் நான் பார்த்த ஆட்டம் இது ஒன்றுதான். கை தட்டினேன். தனியாக நான் மட்டும், அந்த அறையில், சத்தமாக. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் இரண்டு தட்டு தட்டினேன்.